திரைக்குக் கீழே ஒரு பட்டன்

"பட்டன் எங்கயும் போயிடல ரஞ்சிதா. இருக்கு. திரைக்குக் கீழ இருக்கு, அவ்வளவுதான்," என்றார் நல்லுசாமி.

அவர் மனைவி ரஞ்சிதா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"அங்க இல்ல. படத்துக்குக் கீழ. எழுத்தெல்லாம் பெருசாயிருச்சுல்ல, அதனால அடிப்பக்கம் வெளிய போயிருச்சு."

"வெளியன்னா எங்க?"

அது நல்லுசாமிக்கும் தெரியவில்லை. மானிட்டரின் கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால். பதினோரு மணிக்கு ரஞ்சிதாவுக்கு ஆன்லைன் தேர்வு. பதினொன்றேகாலுக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். துணிக் கம்பெனியில் எட்டு வருடமாக நின்றபடியே சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டுகிறவள் அவள். வீட்டுக்கு வந்து கால்வலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே படித்து, அஞ்சல் வழியில் பி.காம். முடித்தாள். சிப்காட்டில் இருக்கும் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனி, ஸ்டோர்ஸ் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது. அங்கே உட்கார நாற்காலி உண்டு. அவள் போட்ட விண்ணப்பங்களில் தேர்வுக்குக் கூப்பிட்டது அந்த ஒரு கம்பெனிதான்.

இப்போது அந்தக் கம்பெனியின் சின்னம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் திரையில் நின்றது. அதற்குக் கீழே விதிமுறைகள், பஸ் போர்டு எழுத்துபோல, இரண்டரை வரி. மூன்றாவது வரியின் தலை மட்டும் தெரிந்தது. 'தொடங்கு' என்ற பச்சைப் பட்டன் அதற்கும் கீழே, ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் அவர்களுடைய வாடகை வீட்டுச் சுவருக்குள் எங்கேயோ இருந்தது.

இந்தக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கியதல்ல. நல்லுசாமி கட்டியது. அவர் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருபது வருடமாக இருப்பவர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தபோது கையில் கொண்டுவந்தது ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டும், திருகாணி இருக்கிற எதையும் திறந்து மூடிவிடலாம் என்ற நம்பிக்கையும்தான். ரஞ்சிதா லேப்டாப் கேட்டபோது, "அதெல்லாம் திறக்க முடியாத சாமான். நான் ஒண்ணு கட்டித் தாரேன் பாரு," என்றார்.

சிபியு டப்பா, கம்பெனி ஏலத்தில் எடுத்தது. மானிட்டர், மூடிப்போன பிரவுசிங் சென்டரில் வாங்கியது. படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருக்கும் லால் பாஷாவிடம் வாங்கியது. கொடுக்கும்போதே அவர் சொன்னார்: "அண்ணே, கார்டு யானை மாதிரி. ஆனா இதுக்கு இப்ப கம்பெனி சப்போர்ட் கெடையாது. புதுசா எது வந்தாலும் இது ஒத்துக்காது."

நல்லுசாமி யானை என்பதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. வெள்ளிக்கிழமை தேர்வு மென்பொருளை ஏற்றி, கேமரா சரி, திரை சரி, இந்தக் கம்ப்யூட்டரில்தான் எழுதப்போகிறேன் என்று பதிவும் செய்தாகிவிட்டது. இனி வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் தேர்வு திறக்காது. சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. அந்த மும்முரத்தில், பழைய கார்டோடு பேசத் தெரிந்த டிரைவர் என்ற சின்ன மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டது.

"செட்டிங்ஸ்ல போய் எழுத்தச் சின்னதாக்குங்களேன்," என்றாள் ரஞ்சிதா.

"போனேன். ஒரே ஒரு அளவுதான் காட்டுது. அதையும் மாத்தவிடல, சாம்பல் கலர்ல செத்துக் கெடக்கு."

"ஆஃப் பண்ணிப் போடுங்க."

"மூணு தடவ போட்டாச்சு."

நல்லுசாமி யோசித்தார். திரை அகலமாக இருக்கிறது, உயரம் போதவில்லை. அகலத்தை உயரமாக்கினால்? அவருக்கே தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. மானிட்டரைத் தூக்கிப் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தினார். விழாமல் இருக்க ஒரு புறம் அரிசி டின்னை முட்டுக் கொடுத்தார்.

படமும் மானிட்டரோடு சேர்ந்து பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

ரஞ்சிதா கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தாள். "நானும் படுத்துக்கினே எழுதட்டுமாங்க?"

"ஒரு சோதனைதான்," என்று நல்லுசாமி மானிட்டரை நிமிர்த்தினார். டின் உருண்டு, கொஞ்சம் அரிசி விசைப்பலகைக்குள் போனது.

மணி ஒன்பது ஐந்து.

போனிலிருந்து இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, டிரைவரைத் தேடினார். ஒரு தளம் பச்சை விளக்குப் போட்டுக்கொண்டு, 'உங்கள் கார்டுக்கு உரியது இதோ' என்று கூப்பிட்டது. இத்தனை பெரிய உலகத்தில் தன் கார்டை ஒருவராவது ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று அவருக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. அழுத்தினார். டிரைவர் வந்தது. அதோடு வானிலை சொல்லும் ஒன்று வந்தது. குப்பை அள்ளும் ஒன்று வந்து, கம்ப்யூட்டரில் ஆயிரத்து நானூறு கோளாறு இருப்பதாகச் சிவப்பில் கத்தியது.

"ஆயிரத்து நானூறா!" என்றாள் ரஞ்சிதா.

"அது சும்மா. நோவுன்னு சொன்னாத்தான மருந்து விக்கும். நீ பயப்படாத. இப்ப ஆஃப் பண்ணிப் போட்டா எல்லாம் சரியாயிரும்."

ஆஃப் செய்து போட்டார். திரை முழுக்கக் கறுப்பானது. கறுப்பின் மேல் ஒரு சின்னப் பெட்டி மட்டும், நீரில் விட்ட காகிதக் கப்பல்போல இங்கும் அங்கும் மிதந்தது. அதில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று எழுதியிருந்தது.

"என்னா சொல்லுது?"

"வரம்புக்கு வெளிய போயிருச்சாம்."

"எது?"

"படம்."

"பட்டன்தான வெளிய இருந்துச்சு? இப்ப மொத்தப் படமுமா?"

நல்லுசாமி டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு இயந்திரம் அடம்பிடித்தால் தொழிற்சாலையில் அவர் என்ன செய்வாரோ அதைச் செய்யத் தீர்மானித்தார். பிரித்துத் துடைப்பார்.

"உன் பென்சில் ரப்பர எடு."

டப்பாவைத் திறந்து, கார்டைப் பிடுங்கி, அதன் செம்புப் பல் வரிசையை ரப்பரால் பளபளவென்று தேய்த்தார். தூசியில் நான்கு தும்மல் வந்தது. திரும்பச் செருகி ஆன் செய்தார். இந்த முறை மிதக்கும் பெட்டியும் இல்லை. டப்பாவுக்குள்ளிருந்து பீப் பீப் என்று ஓலம் மட்டும் வந்தது.

ஒன்பது ஐம்பது.

ரஞ்சிதா சமையலறைக்குள் போனாள். ஏற்கெனவே கழுவி வைத்த குக்கரை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் நல்லுசாமிக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். நார் உரசுகிற சத்தம் கேட்டு அவர் சமையலறை வாசலுக்குப் போனார்.

"ரஞ்சிதா..."

"நான் புதன்கெழமையே சொன்னன்." அவள் திரும்பவில்லை. "அத்திப்பள்ளில சிநேகிதி வூட்டுல லேப்டாப்பு இருக்குது, அங்க பதிவு பண்ணிக்கிறன்னு சொன்னன். நீங்க என்னா சொன்னீங்க?"

என்ன சொன்னார் என்பது நல்லுசாமிக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. 'வீட்டுல யானை மாதிரி மெஷின் கட்டி வெச்சிருக்கேன், நீ அடுத்தவ வீட்டுக்குப் போறியா?' என்று கேட்டிருந்தார். இன்றைக்கு இது போனால் ரஞ்சிதா நாளைக் காலை கம்பெனி வேனில் ஏறி, மறுபடி நூல் வெட்ட நிற்பாள். எத்தனை வருடம் நின்றாலும், அவள் கால் வலி என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முன்னால் வந்து நிற்கும்.

லால் பாஷாவுக்குப் போன் போட்டார். பின்னணியில் கல்யாணச் சத்தம்.

"அண்ணே, நிக்காஹ்வுக்கு வந்திருக்கேன், கிருஷ்ணகிரில. சாயங்காலம் பேசட்டுமா?"

"பாய், சாயங்காலம் நான் இருப்பனான்னே தெரியல!"

லால் பாஷா நடந்ததை முழுக்கக் கேட்டார். "ரப்பர் போட்டுத் தேய்ச்சது சரி அண்ணே. அந்தப் பச்சை விளக்குக்காரன்கிட்ட ஏன் போனீங்க? சரி, ஒரு நம்பர் தர்றேன். எல்லப்பன், தேன்கனிக்கோட்டைல கடை வெச்சிருக்காரு. நானே மாட்டிக்கிட்டா அவருக்குத்தான் போன் போடுவேன்."

"நேர்ல வருவாரா?"

"அவரு வர்றதுக்குள்ள உங்க பரிட்சை முடிஞ்சுரும். போன்லயே சொல்லுவாரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. அவரு சொல்றத மட்டும் செய்யுங்க. உங்க யோசனை எதுவும் வேணாம்."

எல்லப்பன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க" என்றார். கனமான, அவசரமில்லாத குரல். நல்லுசாமி பட்டனில் தொடங்கி அரிசி வரை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

"பீப் எத்தன?"

"நெறைய வருதுங்க."

"நெறையன்னு ஒரு எண்ணு இல்ல சார். போன டப்பா கிட்ட வெச்சி ஆன் பண்ணுங்க."

வைத்தார்.

"போதும். நீளமா ஒண்ணு, குட்டையா மூணு. கார்டு சரியா உக்காரல. கரண்ட்டப் புடுங்கிட்டு, கார்டு மேல ரெண்டு கட்டைவெரல வெச்சி அழுத்துங்க. டக்குன்னு சத்தம் வரணும்."

"அழுத்திட்டேன்."

"சத்தம் வரல."

"பயமா இருக்குங்க, ஒடஞ்சிட்டா?"

"ஒடையாது. பிரஸ் மெஷின்ல வேல செய்யறேன்னீங்க, இவ்ளோதான் அழுத்துவீங்களா?"

நல்லுசாமிக்குச் சுருக்கென்றது. அழுத்தினார். டக்.

"ஆங். அப்பறம் உள்ள ஃபேன்ல ஒயர் ஒண்ணு உரசுது. ஒதுக்கி வுடுங்க."

நல்லுசாமி எட்டிப் பார்த்தார். சிவப்பு ஒயர் ஒன்று இறக்கையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. மெஷினின் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிறவர் என்று தொழிற்சாலையில் பேர் வாங்கியவர் அவர். இப்போது முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவர் போனில் கேட்டே சொல்லிவிட்டார். அவருக்குப் பொறாமையும் மரியாதையும் ஒரே நேரத்தில் வந்தன.

ஆன் செய்தார். ஓலம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்போது வரும் சின்ன இசை மட்டும் கேட்டது.

"வந்துருச்சு," என்றார் எல்லப்பன்.

"எங்கங்க வந்துச்சு? கறுப்பா இருக்கே! மறுபடியும் அந்த அவுட் ஆஃப் ரேஞ்ச் பொட்டி மெதக்குது!"

"கறுப்பா இருந்தா என்னா? உள்ள நல்லாத்தான் ஓடுது."

"ஒண்ணுமே தெரியலைங்களே! எத வெச்சு வேல பாக்குறது?"

"கீபோர்டு இருக்குதில்ல? மவுஸக் கழட்டி வெச்சிடுங்க. அதுனாலதான் பாதிப்பேரு கெட்டுப்போறாங்க."

"வேணும்னா வீடியோ கால் போடுறேங்க, நீங்களே பாருங்க..."

"வீடியோ எல்லாம் வேணாம் சார். வாயால சொல்லுங்க, போதும். டைப்பிங் யாருக்கு வரும்?"

ரஞ்சிதா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எனக்கு வரும் அண்ணா," என்றாள்.

"நல்லதாப் போச்சு. நீ உக்காரும்மா. சார், நீங்க போன ஸ்பீக்கர் பக்கத்துல புடிங்க. வேற எதையும் தொடாதீங்க."

இப்படி நல்லுசாமி, தான் கட்டிய கம்ப்யூட்டர் முன்னால், ஒரு போன் ஸ்டாண்டாக நின்றார்.

ரஞ்சிதா இருட்டிலேயே பாஸ்வேர்டு அடித்தாள். எல்லப்பன் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னார். அழுத்தியதும், கறுப்புத் திரைக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். நல்லுசாமி போனை நழுவவிடப் பார்த்தார்.

"யாருங்க இது?"

"கம்ப்யூட்டருதான். எங்க இருக்கோம்னு அதுவே சொல்லும். ஆனா ரொம்ப இழுத்து இழுத்துப் பேசறா. அம்மா, கேப்ஸ் லாக்கப் புடிச்சிக்கினு பிளஸ்ஸ அஞ்சு தடவ தட்டு."

தட்டினாள். அந்தப் பெண் கடகடவென்று, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள்போல் பேசத் தொடங்கினாள். நல்லுசாமிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ரஞ்சிதாவுக்கு ஐந்தில் ஒன்று புரிந்தது. எல்லப்பன் மட்டும் மறுமுனையில், "ம்... ம்... கீழ் அம்பு. இன்னொண்ணு. நில்லு. இப்ப வலது அம்பு," என்று கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே போனார்.

"இப்ப என்னங்க நடக்குது?" என்றார் நல்லுசாமி.

"அந்தப் பச்சை வெளக்கு டிரைவரத் தூக்கறோம்."

"நல்ல டிரைவருக்கு எங்க போறது?"

"பழசு உள்ளயேதான் இருக்கும். கம்ப்யூட்டரு அவ்ளோ சீக்கிரம் எதையும் வெளிய போடாது. ஒதுக்கித்தான் வெச்சிருக்கும். பேர் வந்துருச்சு பாரு, அதாம்மா, என்டர் தட்டு."

பத்து நாற்பது.

திரை ஒரு முறை மின்னியது. பெட்டி மறைந்து, படம் வந்தது. ஆனால் எழுத்துகள் அதே பஸ் போர்டு அளவில்தான் இருந்தன. நல்லுசாமிக்கு அதுவே தங்கமாகத் தெரிந்தது. "வந்துருச்சுங்க! நீலமா, ஒரு மலை படம், ஓரத்துல மஞ்சளா..."

"கலரெல்லாம் எனக்கு வேணாம் சார். அளவு என்னா இருக்குது, படிங்க."

"எண்ணூறுக்கு அறுநூறு."

"அத மாத்தணும். இனிமேதான் ஜாக்கிரதை. பெரிய அளவு குடுத்த ஒடனே, இது போதுமான்னு கம்ப்யூட்டரு கேக்கும். பதினஞ்சு செகண்டுக்குள்ள ஒரு டேப், ஒரு என்டர். பதில் சொல்லாட்டிப் பழையபடி போயிடும். புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுதுண்ணா."

அவள் கொடுத்தாள். திரை இருண்டு, திறந்தது. எழுத்துகள் சின்னதாக, கூர்மையாக, புதிதாக அச்சடித்த பத்திரிகை மாதிரி வந்து நின்றன. நல்லுசாமியால் தாங்க முடியவில்லை. "ஆஹா!" என்று கத்தி இரண்டு கையையும் தூக்கினார். கையிலிருந்த போன் விசைப்பலகை மேல் விழுந்தது. ரஞ்சிதா அதை எடுத்து நகர்த்தி, விசையைத் தேடுவதற்குள் பதினைந்து செகண்டு முடிந்தது. எழுத்துகள் மறுபடி பஸ் போர்டாக வீங்கின.

ரஞ்சிதா போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சார்," என்றார் எல்லப்பன் பொறுமையாக, "நீங்க கொஞ்சம் வெளிய போயி நிக்கறீங்களா?"

நல்லுசாமி போனை மேசை மேல் வைத்துவிட்டு, வாசற்படியில் போய் நின்றார். கதவிடுக்கு வழியாக ரஞ்சிதாவின் முதுகு மட்டும் தெரிந்தது. நெடுஞ்சாலையில் கர்நாடக எல்லையைத் தாண்டும் லாரிகள் ஒலி எழுப்பிக்கொண்டே போயின. அவர் கோயில் இருக்கும் திசை எது என்று யோசித்து, தெரியாமல், நான்கு பக்கமும் கும்பிட்டார்.

உள்ளிருந்து ரஞ்சிதாவின் குரல் கேட்டது. "வந்துருச்சுங்க!"

ஓடினார். பத்து ஐம்பத்தெட்டு. சின்னம் தன் அளவுக்குச் சுருங்கி மூலையில் உட்கார்ந்திருந்தது. விதிமுறைகள் பன்னிரண்டும் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் கீழே, சுவருக்குள்ளிருந்து மீண்டுவந்த பச்சைப் பட்டன்.

"எல்லப்பன் சார்! உங்களுக்கு நான் என்ன கைம்மாறு..."

"பரிட்சைய எழுதச் சொல்லுங்க சார், மணியாச்சு," என்று எல்லப்பன் வைத்துவிட்டார்.

அறையில் தேர்வு எழுதுகிறவரைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது ஏழாவது விதி. நல்லுசாமி வெளியே வந்து கதவைச் சாத்தினார். மூச்சு விடலாம் என்று வாயைத் திறந்தபோது, உள்ளே அந்தப் பெண் உரத்த குரலில், கடைசி பஸ் வேகத்தில், முதல் கேள்வியைப் படிக்க ஆரம்பித்தாள்.

அறைக்குள் வேறு ஒரு குரல் கேட்டால் தேர்வை ரத்து செய்யலாம் என்பது எட்டாவது விதி. நல்லுசாமி கதவைத் திறக்கக் கையை நீட்டினார். திறந்தால் ஏழாவது விதி. கையை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். அந்தப் பெண் நான்கு விடைகளையும் படித்து முடித்து இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் குரல் சட்டென்று நின்றது. எல்லப்பன் சொன்ன அந்த மூன்று விசைகளை ரஞ்சிதா மறக்கவில்லை.

அதன்பின் ஒன்றரை மணி நேரம் நல்லுசாமி காவல் நின்றார். யாராவது மெயின் சுவிட்சைத் தட்டிவிடுவார்களோ என்று மீட்டர் பெட்டிக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றார். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் மாம்பழக்காரர் தெருவுக்குள் வந்தபோது, ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு கிலோ குடுங்க, அதை மட்டும் நிறுத்துங்க," என்றார். அவர் நிறுத்தினார். பழத்தை நிறுக்கும்போது, "வூட்டுல யாருக்காவது ஒடம்பு முடியலையா?" என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

"எனக்குத்தான்," என்றார் நல்லுசாமி.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. ரஞ்சிதாவின் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"என்னாச்சு?"

"முடிச்ச ஒடனே மார்க்கு போட்டுட்டாங்க."

"எவ்வளவு?"

"நூத்துக்கு எண்பத்தாறு. புதன்கெழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க." அப்புறம்தான் அவள் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதக் கேள்விய அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டுனப்பதாங்க உசுரே போச்சு. இவ்ளோ மாம்பழம் எதுக்கு?"

நல்லுசாமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சாப்பிட்டு முடித்தபின் ரஞ்சிதா, "அந்த அண்ணாவுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க," என்றாள். வெறும் வார்த்தை அவருக்குப் போதவில்லை. அந்தத் திரையின் அழகை அதை மீட்டுக்கொடுத்தவர் பார்க்க வேண்டாமா? ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டு, மானிட்டரை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்தார். மதிப்பெண் பக்கத்தைத் தனியாக எடுத்தார். எழுத்தின் கூர்மை தெரியட்டும் என்று கிட்டப்போய் ஒரு வீடியோவும் எடுத்தார். எல்லாவற்றையும் எல்லப்பனுக்கு அனுப்பி, 'பாருங்கள் சார்! எவ்வளவு தெளிவு!' என்று எழுதினார்.

பதில் இல்லை. மூன்று மணிக்கும் இல்லை, நான்கு மணிக்கும் இல்லை. 'கிடைத்ததா சார்?' என்று ஒன்று அனுப்பினார். மலையிலிருந்து சூரியன் எழும் படம் ஒன்றைக் கண்டுபிடித்துத் திரையில் வைத்து, அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார்.

"அவருக்கு ஆயிரம் வேல இருக்கும்," என்றாள் ரஞ்சிதா.

"ஒரு படம் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் கையத் தூக்கிப் போனப் போட்டேன்ல, அந்தக் கோவம். அதான்." அவருக்கு மாம்பழம்கூட இறங்கவில்லை.

ஐந்து மணிக்கு மனசு கேட்காமல் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண் குரல்.

"யாரப்பா?"

"எல்லப்பன் சார் இல்லீங்களா?"

"டீ தூள் தீந்துபோச்சுன்னு எனக்காக எதிர்க் கடைக்கு வாங்கப் போயிருக்குது. போன இங்கயே சார்ஜுக்குப் போட்டுட்டுப் போச்சு. நான் கெம்பம்மா, அது கடை வாசல்ல டீக்கடை வெச்சிருக்கறேன். என்ன வேணும், சொல்லு சாமி."

"ஒண்ணும் இல்லைம்மா. காலைல அவருதான் எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் திரையச் சரி பண்ணிக் குடுத்தாரு. எம்புட்டுத் தெளிவா வந்திருக்குன்னு நாலஞ்சு போட்டோ, ஒரு வீடியோ அனுப்பியிருந்தேன். ஒண்ணையும் பாத்த மாதிரி தெரியல. என் மேல எதுவும் கோவமோ என்னமோ, நீங்க கொஞ்சம் சொல்லி, ஒரே ஒரு தடவ பாக்கச் சொல்லுங்கம்மா."

மறுமுனையில் பால் பொங்கும் சத்தமும், கெம்பம்மா அடுப்பை அணைக்கும் சத்தமும் கேட்டன.

"கோவமா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல சாமி, போட்டோ வந்தா நான்தான் பாத்துச் சொல்லணும், எல்லப்பனுக்குப் பொறந்ததுல இருந்தே ரெண்டு கண்ணும் தெரியாதே."